ஒரு ஜாடி மூச்சு

நான் என் கணவரின் மூக்கை நூறு ஆண்கள் பார்க்கப் பிடித்தவள். மலாய் நாட்டில், பீடோங் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத் திடலில், பட்டப்பகலில், துப்பாக்கி வைத்திருந்த ஜப்பான்காரர்களுக்கு முன்னால் பிடித்தேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. அன்றைக்கும் இருக்கவில்லை. அந்த நாளில் ஒரு பெண் புருஷனின் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்லமாட்டாள், மூக்கைப் பிடித்தாளாமே என்று தோட்டமே பேசியது. பேசிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் என் நெஞ்சைச் சோதிக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த சின்னப் பெண் ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னாள். ஊதும் முன் என் மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டினாள். "இதைத்தான் நான் ஜப்பான் காலத்திலேயே ரெண்டு விரலால செஞ்சேன்" என்றேன். கிழவிகளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு ஒன்று இருக்கிறதே, அதைச் சிரித்துவிட்டு, "ஆமாவா பாட்டி" என்றாள். அவள் நம்பவில்லை என்பது தெரிந்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

செமிலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் கணவர் ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா. மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவர்கள் வாளி வாளியாகப் பால் கொண்டுவந்து சேர்க்கும் கொட்டகைக்குத்தான் ஸ்டோர் என்று பெயர். ஒவ்வொருவர் பாலையும் அளந்து எழுதுவது அவர் வேலை. பாலில் தண்ணீர் கலந்தால் அளவு கூடும் என்பதால் கலக்காதவர்கள் குறைவு. அதைப் பிடிக்க ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. ரப்பர்ப் பாலில் மிதக்கவிட்டால், மாட்டுப் பாலுக்கு நேர்மாறாக, நல்ல பாலில் அமிழும், தண்ணீர்ப் பாலில் உயர்ந்து நிற்கும். என் கணவருக்கு அந்தக் குழாய்கூடத் தேவையில்லை, வாளியைச் சாய்க்கும்போதே சொல்லிவிடுவார். அவர் கண்ணில் மண் தூவியவர் எவரும் இல்லை என்று எனக்கு அப்போதே பெருமை.

விடாமல் முயன்றவர் ஒருவர் இருந்தார். நல்ல உயரம், அகன்ற மார்பு, ஓயாத வாய். வயது முப்பது இருக்கும். பெற்றவர்கள் போய்விட்டார்கள், கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்த அக்கா மட்டும் உண்டு. குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில் பாதியை வாளியில் ஊற்றிவிட்டு, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார். "ராத்திரி மழ ஐயா, மங்குல விழுந்திருக்கும்" என்பார். மங்கு என்பது மரத்தில் கட்டும் பால் கிண்ணம். "உன் மரத்துக்கு மட்டும் பேஞ்ச மழயா?" என்பார் என் கணவர். கொட்டகை முழுதும் சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். மறுநாள் மறுபடியும் கலப்பார்.

ஜப்பான் சண்டை வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் என் கணவர் இருமலில் ரத்தம் கண்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காசநோய் என்றார்கள். துரை நல்லவர், கடிதம் எழுதிக் கொடுத்து எங்களைச் சிங்கப்பூருக்கு ரயிலேற்றினார். அங்கே படம் எடுத்துப் பார்த்து, காசம் இல்லை, வலது நுரையீரலில் புற்று என்றார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நான் அழவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

வாரக்கணக்கில் எக்ஸ்ரே வைத்தியம் நடந்தது. மார்பில் மையால் சதுரம் வரைந்து, அந்த இடத்தில் மட்டும் படும்படி ஒளியைப் பாய்ச்சினார்கள். தோல் கருத்தது, சோறு இறங்கவில்லை, ஆனால் கட்டி சுருங்கியது. கிளம்பும் நாளில் அந்த வெள்ளைக்கார டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார். கணவருக்கு இங்கிலீஷ் தெரியும், எனக்கு ஒரு தமிழ் நர்ஸ் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒளிக்குக் கட்டி எது, நல்ல நுரையீரல் எது என்று தெரியாது, இரண்டையும் சுட்டுவிடும். சுட்ட இடம் வெயிலில் கிடந்த கித்தா ரப்பர்த் துண்டு போல மெதுவாக விறைத்துப்போகும், அப்புறம் அது மூச்சு வாங்காது. எவ்வளவு விறைக்கும், எப்போது நிற்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால் அளக்கவேண்டும். அளவு குறைந்துகொண்டே போனால் கெடுதல் இன்னும் நடக்கிறது, ஒரே இடத்தில் நின்றால் நின்றுவிட்டது என்று பொருள்.

அளப்பதற்கு அங்கே பெரிய யந்திரம் இருந்தது. தண்ணீருக்குள் கவிழ்த்த ஒரு தகர உருளை, ஊத ஊத மேலே எழும்பும். "இது இல்லாட்டி பரவாயில்ல, ஒரு பெரிய ஜாடி இருந்தாப் போதும்" என்று நர்ஸ் மூலமாகச் சொல்லி, டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தார். அதோடு மார்பை அளக்க ஒரு துணி நாடாவும் கொடுத்தார். முதுகெலும்பிலிருந்து முன்மார்பு எலும்பு வரை, இடது பக்கம் தனி, வலது பக்கம் தனி, மூச்சை இழுக்கும் முன்னும் பின்னும் அளக்கவேண்டும். படம் போட்ட தாளை அவர் கணவரிடம் கொடுக்கவில்லை, என் கையில் கொடுத்தார். நாலாம் வகுப்பு வரை தோட்டத்துப் பள்ளியில் படித்தவள் நான். அந்தத் தாளை வாங்கிய கை என்னுடையது என்பதில் எனக்குள்ள கர்வம் இன்னும் குறையவில்லை.

ஆறு மாதத்தில் திரும்பி வரச் சொன்னார்கள். ஆறு மாதத்துக்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். துரை ஓடிப்போனார், சிங்கப்பூர் டாக்டர் என்ன ஆனாரோ தெரியாது. என்னிடம் படம் போட்ட தாள் இருந்தது.

தோட்டத்தில் பால் வெட்டு ஏறக்குறைய நின்றுவிட்டது. மரங்களுக்கு இடையில் மரவள்ளி நட்டோம், அதையே தின்றோம். ஸ்டோர் சும்மா கிடந்தது, சாமான்களும் சும்மா கிடந்தன. பாலை உறையவைக்கும் ஆசிட் வரும் கண்ணாடி ஜாடிகளில் ஒன்றை எடுத்துப் பத்துத் தடவை கழுவினேன். ஸ்டோர் அளவுக் குவளையால் தண்ணீர் ஊற்றினேன். ஒரு குவளைக்கு ஒரு கோடு, மரத்துக்கு அடையாளம் போடும் சிவப்புச் சாயத்தால் போட்டேன். பத்துக் குவளையில் ஜாடி நிறைந்தது, பத்துக் கோடுகள். ஜாடியை நிரப்பி, உள்ளங்கையால் வாயை மூடி, தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்தேன். பழைய சைக்கிள் டியூபின் ஒரு முனையை ஜாடியின் வாய்க்குள் செருகி, மறுமுனையில் வாய் வைத்து ஊதப் பப்பாளிக் காம்பு ஒன்றைப் பொருத்தினேன். ஊதினால் காற்று ஜாடிக்குள் ஏறும், தண்ணீர் இறங்கும். எத்தனை கோடு இறங்கியது என்று பார்த்து எழுதவேண்டும். லயத்து வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் வந்து பார்த்துவிட்டு, "கிராணியம்மா சாராயம் காய்ச்சுறாங்க" என்று சொல்லிப் போனார்கள்.

மாதம் ஒருமுறை அளந்தேன். முதல் முறை ஐந்து கோடு. அடுத்த மாதம் நாலரை. அதற்கடுத்து நாலு. அப்புறம் மூன்றரை. ஒவ்வொரு தடவையும் கோட்டைப் பார்த்து எழுதிவிட்டு, காம்பையும் டியூபையும் கழுவுகிற சாக்கில் வெளியே போய் நின்றுகொள்வேன். முகத்தை அவரிடமிருந்து மறைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அப்புறம் ஒரு மாதம் அளவு ஏறியது. மூன்றரையிலிருந்து நாலரை.  "இன்னொரு தடவ ஊதுங்க" என்றேன். ஊதினார், மறுபடியும் நாலரை. அடுத்த மாதம் ஐந்தரை, அதற்கடுத்து ஏழு. வலது மார்பில் நாடா வைத்து அளந்தபோது மட்டும் எதுவும் மாறவில்லை. இடது பக்கம் மூச்சுக்கு ஒரு விரல் விரியும், வலது பக்கம் செத்த கட்டை போல அசையாமல் இருக்கும். அதையும் நோட்டில் எழுதினேன், எழுதிவிட்டு அதைப் பார்க்காமல் ஜாடிக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாடா சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை, ஜாடி சொன்னது பிடித்தது. என் தப்பு இங்கே தொடங்குகிறது.

தப்பு அதோடு நிற்கவில்லை. எனக்கு வாய் நீளம். மரவள்ளி பங்கு போடும் இடத்தில், குழாயடியில், கோயில் வாசலில், எங்கே நாலு பேர் நின்றாலும் சொன்னேன். "ஏழு கோடு வந்துட்டாரு. சிங்கப்பூர் டாக்டரே செய்யாதத நான் செஞ்சிட்டேன்." கேட்டவர்களுக்குக் கோடு என்றால் என்னவென்று தெரியாது, ஆனாலும் தலையாட்டினார்கள். துரை போனபின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட பெரிய கிராணியின் காதுக்கும் அது போனது. ஒரு நாள் ஆபீஸ் பக்கம் போனபோது, "அந்த நோட்டக் கொஞ்சம் காட்டும்மா" என்றார். பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். நல்ல கையெழுத்து என்றார். அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்த நாட்களில் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தோட்டமும் இத்தனை ஆள் என்று கொடுக்கவேண்டும். எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு கூட்டம் ஏற்கெனவே போயிருந்தது, ஒரு கடிதம்கூட வரவில்லை. அந்த முதல் பட்டியலில் என் கணவரை நெஞ்சு நோயாளி என்று பெரிய கிராணி விட்டுவிட்டார். இரண்டாம் பட்டியல் பெரட்டில் வாசிக்கப்பட்டது. பெரட்டு என்பது காலையில் எல்லாரும் கூடி நிற்கும் ஆள் கணக்கு. என் கணவரின் பெயர் நாலாவதாக வந்தது. மூன்றாவது பெயர், பாலில் தண்ணீர் கலக்கும் அந்த நெடிய மனிதருடையது.

நான் ஆபீசுக்கு ஓடினேன். பெரிய கிராணி என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"எனக்கு ஆள் கொறையுதும்மா. நான் என்ன பண்ண? நல்லாயிட்டாருன்னு தோட்டம் பூரா சொன்னது நீதானே. நோட்டுல இருக்கறது ஒன் கையெழுத்துதானே."

"அவருக்குப் பாதி நெஞ்சு வெந்து கெடக்குங்க."

"அத பீடோங்ல ஜப்பான் டாக்டர் பாப்பாரு. அவர்கிட்ட சொல்லு. நாளை மறுநாள் போகணும்."

அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. 

வலது மார்பு அசையாதபோது ஜாடிக் கணக்கு மட்டும் எப்படி ஏறும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். சாயங்கால வெயில் தொட்டி மேல் விழுந்துகொண்டிருந்தது. ஜாடியை நிரப்பிக் கவிழ்த்தேன். வழக்கமாக நான் ஜாடிப் பக்கம் குனிந்து கோட்டைப் பார்ப்பேன். அன்று ஜாடியைப் பார்க்காமல் அவர் எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்தேன். "ஊதுங்க" என்றேன்.

ஊதினார். ஜாடிக்குள் குமிழி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கணம் சத்தம் நின்றது. அந்த ஒரு கணத்தில், காம்பிலிருந்து வாயை எடுக்காமலே, அவருடைய மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்தன, தோள் லேசாக எழும்பியது. மறுபடியும் குமிழி ஓடியது. வெளியே பார்க்கிறவர்களுக்கு அது ஒரே ஊதல். உள்ளே இரண்டு மூச்சு. ஊருக்கெல்லாம் தண்ணீர்ப் பாலைப் பிடித்தவர் மூன்று மாதமாக எனக்குத் தண்ணீர் கலந்து அளந்து கொடுத்திருக்கிறார்.

"எத்தன நாளா இது?" என்று கேட்டேன்.

அவர் காம்பைக் கீழே வைத்தார். "நீ வெளியில போய் நிப்பியே, ஜன்னல் வழியாத் தெரியும்" என்றார். "மூணரைன்னு எழுதின அன்னிக்கு நீ நின்ன நிலயப் பாத்தேன். அதுக்கு மேல எனக்குக் கொறச்சு ஊத மனசு வரல."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம்தான் வென்றது. "நாளை மறுநாள் டாக்டர் முன்னால ஒழுங்கா ஊதணும்" என்றேன். சரி என்றார். அவர் சொன்ன சரியை நான் முழுதாக நம்பவில்லை. அத்தனை பேரையும் அளந்து ஏசியவர், அவர்கள் எல்லாரும் பார்க்க மூன்று கோடு ஊதுவாரா என்று யோசித்துப் பார்த்தேன். ரோஷக்காரர், ஊதமாட்டார் என்று தோன்றியது.

பீடோங்குக்கு நடந்தே போனோம். ஆண்கள் முன்னால் போனார்கள், வழியனுப்ப வந்த பெண்கள் சோற்று மூட்டையோடு பின்னால் போனார்கள், சோறு என்று பெயர், உள்ளே மரவள்ளி. நான் ஜாடியைச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டேன். ஒரு கையில் வாளி, அதற்குள் டியூபும் காம்பும். வழியில் மூன்று முறை நின்று என் கணவர் மூச்சு வாங்கினார், ஒவ்வொரு முறையும் செருப்பு வார் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார். அந்த நெடிய மனிதர் என் பக்கம் வந்து, "கிராணியம்மா, சயாமுக்கே ஊறுகாய் போட்டு எடுத்துட்டுப் போறீங்களா?" என்றார். நான் முறைத்தேன். அவர் வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

திடலில் மேசை போட்டு ஒரு ஜப்பான் ராணுவ டாக்டர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் தமிழ் பேசும் ஓர் ஆள். சோதனை என்று பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணை இழுத்துப் பார்ப்பார், தோளைத் தட்டுவார், லாரிப் பக்கம் கையைக் காட்டுவார். எங்கள் தோட்டத்து வரிசை நகர்ந்தது. என் கணவரின் முறை வந்தபோது நான் வரிசையை விட்டு முன்னால் போய் மேசைக்கு எதிரே ஜாடியை இறக்கி வைத்தேன். ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் என்னைத் தள்ள வந்தான். டாக்டர் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். கோடு போட்ட ஜாடியையும் டியூபையும் பார்த்தார். வைத்தியம் படித்தவர்தானே, அது என்னவென்று பார்த்தவுடனே புரிந்துகொண்டார். "சாக்கிட்?" என்று மலாயில் என் கணவரைக் காட்டிக் கேட்டார், நோயா என்று. ஆமாம் என்றேன். ஊதச் சொல்லிக் கையசைத்தார்.

கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து நிரப்பி, ஜாடியை வாளிக்குள் கவிழ்த்தேன். என் கணவர் காம்பை வாயில் வைத்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் வாளியைச் சாய்த்து ஏசிய ஆட்கள் எல்லாரும் அங்கே நின்றார்கள். ஊதினார். இரண்டு கோடு, மூன்று கோடு. சத்தம் நின்றது. அவருடைய மூக்கு விரிந்தது. மறுபடியும் குமிழி ஓடியது, நாலு, ஐந்து. எனக்கு உயிரே போய்விட்டது. இந்த மனுஷன் ரோஷத்துக்காகச் சயாமுக்குப் போகத் துணிந்துவிட்டாரே என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சத்தமாகவும் இல்லை, கிண்டலாகவும் இல்லை.

"ஐயா, மூக்கு வழியா தண்ணி கலக்குறீங்களே."

அந்த நெடிய மனிதர்தான். நான் மூன்று மாதமாகப் பார்க்காததை அவர் ஒரே ஊதலில் பார்த்துவிட்டார். கலக்கிறவருக்குத்தானே கலப்பு தெரியும். என் கணவரின் முகம் செத்துவிட்டது.

நான் ஜாடியை மறுபடி நிரப்பிக் கவிழ்த்தேன். காம்பை அவர் வாயில் வைத்தேன். எழுந்து நின்று, இடது கையால் அவர் பிடரியைத் தாங்கி, வலது கையின் இரண்டு விரலால் மூக்கை இறுக்கிப் பிடித்தேன். "இப்ப ஊதுங்க" என்றேன்.  ஊதினார். குமிழி ஓடியது, நின்றது. மறுபடி ஓட வழியில்லை. முகம் கறுத்து, கண் பிதுங்கி, என் கையைத் தட்டிவிட்டு மண்ணில் உட்கார்ந்து இருமினார். ஜாடியைப் பார்த்தேன். தண்ணீர் மூன்றாம் கோட்டில் நின்றது.

டாக்டர் எழுந்து வந்தார். என் கணவரின் சட்டையைத் தூக்கி, இடது மார்பை விரலால் தட்டினார், வலது மார்பைத் தட்டினார். குழாய் வைத்துக் கேட்டார். ஆனாலும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. பக்கத்து ஆளிடம் ஏதோ சொன்னார். அவன் எங்கள் பக்கம் திரும்பினான்.

"பொம்பள கொண்டாந்த ஜாடிய எப்படி நம்புறதுன்னு கேக்குறாரு. அடுத்த ஆளு ஊதட்டுமாம்."

அடுத்த ஆள் அந்த நெடிய மனிதர்.

அளவைக் கூட்டவும் குறைக்கவும் அவருக்குத் தெரியாத வித்தை கிடையாது. நாலு கோட்டில் மூச்சை நிறுத்திக்கொண்டு இருமியிருந்தால், அவரும் நோயாளி என்று எங்களோடு வீட்டுக்கு நடந்து வந்திருக்கலாம். அல்லது, இரண்டு பேருக்கும் ஒரே அளவு, ஜாடி பொய் என்று டாக்டர் அதை உதைத்துத் தள்ளி, என் கணவரையும் லாரியில் ஏற்றியிருக்கலாம். எது நடந்திருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் இரண்டையும் நினைத்துப் பார்த்தார் என்பது மட்டும் தெரியும். ஜாடியைப் பார்த்தார், மண்ணில் உட்கார்ந்திருந்த என் கணவரைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். நான் ஜாடியை மறுபடி நிரப்பிக் கவிழ்த்துவிட்டு, அவர் மூக்கைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

"வேணாம் கிராணியம்மா, நானே பிடிச்சுக்குறேன்."

தம் மூக்கைத் தாமே பிடித்துக்கொண்டு காம்பை வாயில் வைத்தார். அந்த அகன்ற மார்பு மெல்ல இறங்கியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து, ஆறு, ஏழு. இடையில் ஒரு நிறுத்தம் இல்லை. எட்டு, ஒன்பது. பத்தாம் கோடும் தாண்டி, ஜாடி முழுதும் காற்றாகி, வாயடியில் குமிழி பொங்கி வாளித் தண்ணீர் தரையில் வழிந்தது. முழு மூச்சு என்றால் எவ்வளவு என்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குறை மூச்சையும் கலந்த மூச்சையும் பார்த்தே பழகியவள். என்னையறியாமல் கை கூப்பிவிட்டேன்.

அவர் காம்பை எடுத்துவிட்டு என் கணவரிடம் குனிந்து சொன்னார்: "பாத்துக்குங்க ஐயா. இது தண்ணி கலக்காதது."

டாக்டர் தலையாட்டினார். என் கணவருக்கு வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார், அந்த நெடிய மனிதருக்கு லாரிப் பக்கம். அவர் லாரியில் ஏறி நின்றபோது கூட்டத்தில் எல்லாரையும்விட ஒரு தலை உயரமாகத் தெரிந்தார். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். என் கணவர் எழுந்து நிற்க முயன்றார், முடியவில்லை. உட்கார்ந்தபடியே கையை உயர்த்தினார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் என்னிடம் கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். கோபிக்கவில்லை. நோட்டைக் கேட்டார். ஏழு, ஐந்தரை, நாலரை என்று நான் எழுதியிருந்த மூன்று மாத அளவையும் தம் கையால் அடித்தார். கீழே மூன்று என்று எழுதினார். அதற்கு அடுத்த வரியில் அந்த நெடிய மனிதரின் பெயரை எழுதி, பத்து என்று எழுதி, பத்தின் பக்கத்தில் ஒரு சின்னக் கோடும் போட்டார். வழிந்ததற்கு என்றார்.

அதற்கப்புறம் மாதாமாதம் அளந்தோம், மூக்கைப் பிடித்துக்கொண்டு. மூன்றிலேயே நின்றது. ஒரு வருஷம் நின்றது, இரண்டாம் வருஷமும் நின்றது. சுட்ட இடம் விறைத்து முடிந்துவிட்டது, மீதி அப்படியே இருக்கிறது என்று அந்த டாக்டர் சொன்ன கணக்குப்படி நானே தீர்மானித்தேன். நான் தீர்மானித்தது சரி. மூன்று கோடு மூச்சை வைத்துக்கொண்டு அவர் அதன்பின் பத்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். எங்களுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அந்த மூன்று கோட்டில் ஒரு கோட்டையும் வீணாக்காமல் பேசினார், நடந்தார், என்னை ஏசினார். ஒரு ஆசிட் ஜாடியையும் சைக்கிள் டியூபையும் வைத்து அவரைக் காத்தேன் என்று நான் சொல்லிக்கொள்வதில் மிகையில்லை. ஆனால் தனியாகக் காத்தேன் என்று சொன்னால் அது தண்ணீர் கலந்தது.

ஜப்பான்காரன் போனபிறகு சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். எலும்பும் தோலுமாக, சொறியோடு, பேச்சில்லாமல் வந்தார்கள். எங்கள் தோட்டத்தில் லாரியேறியவர்களில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அந்த நெடிய மனிதரைப் பற்றி நாங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டோம். வந்தவர்களில் ஒருவர்தான் சொன்னார், காலரா என்று, முதல் மழையிலேயே என்று. அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு அம்மாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூலிமிலிருந்து வருகிறேன் என்றார். உயரத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை, படியிலேயே உட்கார்ந்தார். அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"எந் தம்பி கடசியா ஒங்ககூட நின்னான்னு சொன்னாங்க" என்றார். "ஒரு போட்டோ கெடயாது, அவன் துணிமணி கெடயாது. லயத்துல ஒண்ணும் இல்ல. அவன் எழுதினது கிழுதினது எதுனா இருக்கான்னு கேக்க வந்தேன்."

நான் நோட்டைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. பெயர் இருக்கும் இடத்தில் விரலை வைத்தேன், பிறகு எண் இருக்கும் இடத்தில் வைத்தேன். தம்பியின் மூச்சை அளந்தது, பத்து என்றேன். அவர் அந்தப் பத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து என்றால் அவருக்கு என்ன விளங்கும்?

என் கணவர் எழுந்தார். மூலையில் இருந்த ஜாடியை எடுத்துக்கொண்டு வெளியே குழாயடிக்குப் போனார். நான் தூக்கப் போனேன், கையை நீட்டித் தடுத்தார். நிறைந்த ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு, வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, கொண்டுவந்து அந்த அம்மாளின் முன்னால் படியில் வைத்தார். 

"இவ்வளவு" என்றார். "ஒரே தடவயில. நடுவுல நிறுத்தாம."

அந்த அம்மாள் ஜாடியின் கழுத்திலிருந்து அடி வரை கையால் தடவினார். பத்துக் கோடுகளையும் விரலால் தொட்டுத் தொட்டு வந்தார்.

"கொற வைக்கலயே ஐயா?"

"ஒரு கோடு கொற வைக்கலம்மா" என்றார் என் கணவர்.